காசநோயும் சுகரும் சேர்ந்து வந்தால்: சளி டப்பாவிலிருந்து கடைசி மாத்திரைக்கு அப்புறம் வரை

போன வருடம் ஏப்ரலில் அப்பாவுக்கு டிபி என்று தெரிந்தது. சுகர் அவருக்குப் பன்னிரண்டு வருடமாக உண்டு. டிபிக்கு ஒரு வரிசை, சுகருக்கு இன்னொரு வரிசை. எங்கள் ஊரில் இரண்டும் வேறு வேறு கட்டடம். இந்த வரிசையில் எழுதுவது அந்த வரிசைக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சேரவில்லை. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது வீட்டு ஆட்கள்தான் என்று புரிய எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. அதற்குள் அப்பா ஒருமுறை மயங்கி விழப் பார்த்தார், ஒருமுறை சுகர் 380-ஐத் தொட்டது.

நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ வேண்டாம். டாக்டர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள். சாதாரண டிபிக்கான ஆறு மாதச் சிகிச்சையை வைத்து எழுதியிருக்கிறேன். மருந்துக்குக் கட்டுப்படாத டிபி என்றால் மருந்துகளே வேறு. அதில் தரும் லைனசோலிட் சிலருக்குச் சுகரைத் திடீரென்று இறக்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

1. இளைப்பதைச் சுகர் தலையில் கட்டாதீர்கள்

அப்பா நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கினார். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொங்கியது. "சுகர்காரங்க இளைக்கத்தான் செய்வாங்க" என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள், நாங்களும் அதையே சொல்லிக்கொண்டோம். இருமலுக்குப் பக்கத்துத் தனியார் கிளினிக்கில் சிரப்பும் லெவோஃப்ளாக்சசின் மாத்திரையும் இரண்டு தடவை கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் பத்து நாள் நன்றாக இருந்தது, அப்புறம் திரும்பிவிட்டது. அந்த வகை ஆன்டிபயாட்டிக் டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கி வைக்கும்; நோய் போனது போலத் தெரியும், போயிருக்காது. கண்டுபிடிப்பதுதான் தள்ளிப்போகும்.

சுகர் உள்ளவருக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதனால் இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, காரணமில்லாத இளைப்பு, இதில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை கேளுங்கள். அதுவரை கட்டுக்குள் இருந்த சுகர் திடீரென்று எகிறுவதும் ஒரு துப்புதான். எக்ஸ்ரேயை மட்டும் நம்பிவிட வேண்டாம். டிபி பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில் தெரியும். சுகர் உள்ளவர்களுக்குக் கீழ்ப்பகுதியிலும் வரும் என்பதால் நிமோனியா என்று கடந்துபோய்விட வாய்ப்புண்டு.

2. சளி கொடுக்க ஒரு முறை இருக்கிறது

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஜி.எச்.சிலோ இரண்டு டப்பா தருவார்கள். ஒன்று அங்கேயே கொடுப்பது, இன்னொன்று மறுநாள் காலை எழுந்ததும். அப்பா முதலில் கொடுத்தது வெறும் எச்சில், திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, திறந்தவெளியில் நின்று, மூன்று நான்கு முறை ஆழமாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். கெட்டியாக, கொஞ்சம் மஞ்சளாக வந்தால் சரி.

மைக்ராஸ்கோப்போடு நிறுத்தாமல் சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியிலும் பார்க்கச் சொல்லுங்கள். கிருமி இருக்கிறதா என்பதோடு டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்பதையும் அது சொல்லிவிடும். கருவிக்குச் சில மணி நேர வேலைதான், ஆனால் மாதிரி போய்ச் சேர்ந்து தாள் கைக்கு வர எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. அரசு இடத்தில் எல்லாமே இலவசம்.

டிபி என்று உறுதியானால் எச்.ஐ.வி. பரிசோதனையும் சுகர் பரிசோதனையும் எல்லாருக்கும் செய்வது விதி. இதுவரை சுகர் இல்லை என்று நினைத்திருந்தவர்களில் பலருக்கு அன்றுதான் தெரியவரும். சாப்பிட்டது பார்க்காமல் எடுத்த அளவு 140-ஐத் தாண்டினால் வெறும் வயிற்றில் இன்னொரு நாள் எடுக்கச் சொல்வார்கள். அது 126-ஐத் தொட்டால் சுகர் என்று கணக்கு. தீவிரக் காய்ச்சலிலும் சளித் தொல்லையிலும் தற்காலிகமாக ஏறிய சுகர் பின்னால் இறங்கிவிடுவதும் உண்டு. அதனால் புதிதாகச் சுகர் என்று எழுதப்பட்டவர்கள் டிபி அடங்கியபின் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. புது நோயாளியின் எடை, உயரம், மூச்சு வேகம், ஆக்சிஜன், கால் வீக்கம், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, மோசமாக இருந்தால் உள்நோயாளியாகச் சேர்ப்பார்கள். இந்த அளவுகளில் சுகர் இல்லை. சுகர் 300, 400 என்று இருந்தால் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

3. முதல் நாள் பையில் இருக்க வேண்டியவை

ஆதார் அசலும் இரண்டு நகலும், நோயாளி பெயரிலுள்ள பாஸ்புக்கின் முதல் பக்க நகல், எப்போதும் கையில் இருக்கும் ஒரு செல்பேசி எண், பழைய சுகர் சீட்டுகள், கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள்கள். இதோடு இன்னொன்று: இப்போது சாப்பிடும் அத்தனை மாத்திரைகளின் அட்டைகள். பெயரை வாயால் சொல்ல வேண்டாம். "வெள்ளையா, வட்டமா இருக்கும்" என்று அப்பா சொன்னதை வைத்து யாரும் எதுவும் எழுத முடியவில்லை.

பதிவு செய்ததும் நிக்ஷய் எண் (டிபி நோயாளிகளுக்கான அரசு இணையப் பதிவேட்டின் எண்) தருவார்கள், அதைச் செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். சத்துணவுக்காக மத்திய அரசு தரும் பணம் இந்த எண்ணை வைத்துத்தான் வரும். மாதம் 500 ரூபாயாக இருந்தது 2024 நவம்பரிலிருந்து 1000 ஆனது. ஆறு மாதச் சிகிச்சைக்கு 3000, 3000 என இரண்டு தவணை: முதலாவது ஆரம்பத்தில், அடுத்தது 84 நாள் முடிந்ததும்.

பணம் நிற்கும் இடம் பெரும்பாலும் வங்கிதான். ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்புக்கில் முன்னால்; ஒன்றில் அப்பா பெயர் முழுசாக, இன்னொன்றில் ஒற்றை எழுத்து. நம் ஊர்ப் பெயர்களுக்கே உள்ள தலைவலி இது. வங்கிகள் இணைந்தபோது மாறிய ஐ.எஃப்.எஸ்.சி. எண் பழைய பாஸ்புக்கில் அப்படியே இருக்கும். ரொம்ப நாளாகப் பணம் போட்டு எடுக்காத கணக்கு முடங்கியிருக்கும். வங்கிக்கு ஒருமுறை போய்க் கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எண்ணைக் கொடுங்கள். நாங்கள் பார்க்கவில்லை, முதல் தவணை வர ஏழு வாரம் ஆனது.

தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் நிக்ஷயில் பதிவு உண்டு, இந்தப் பணமும் உண்டு. டிபி நோயாளியை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். எண் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.

4. ஒரே நோட்டு போடுங்கள்

டிபிக்கு ஒரு அட்டை தருவார்கள், சுகர், பிரஷர் பார்க்கும் என்.சி.டி. (தொற்றா நோய்) பிரிவில் சுகருக்கு வேறொரு புத்தகம். இரண்டையும் நம்பாமல் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இடப்பக்கம் டிபி, வலப்பக்கம் சுகர். தேதி, எடை, வெறும் வயிற்றுச் சுகர், சாப்பிட்டபின் சுகர், அன்றைய மாத்திரைகள், புதிதாக ஏதாவது தொந்தரவு. நோட்டின் மேலட்டையில் பச்சை மையில் பெரிதாக எழுதினேன்: "டிபி மருந்து சாப்பிடுகிறார். ரிஃபாம்பிசின் உண்டு." கண் டாக்டரானாலும் பல் டாக்டரானாலும் முதலில் அந்த மேலட்டையைத்தான் நீட்டுவேன்.

5. மாத்திரை தொடங்கும் வாரம்: ஏமாறும் இடம் இதுதான்

முதல் இரண்டு மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எதாம்பியூட்டால் நான்கும் சேர்ந்த கூட்டு மாத்திரை. அடுத்த நான்கு மாதம் பைராசினமைட் இல்லாமல் மற்ற மூன்றும். தினமும் சாப்பிட வேண்டும். எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது: பெரியவர்களுக்கு 35 முதல் 49 கிலோ வரை 3, 50 முதல் 64 வரை 4. அப்பா 46 கிலோவில் தொடங்கினார். மூன்றாம் மாதம் 52 ஆனபோது நோட்டைக் காட்டிக் கேட்ட பிறகுதான் மூன்று நான்காக மாறியது. ஒவ்வொரு முறையும் எடை பார்க்கச் சொல்லுங்கள்.

இனி சுகர் மாத்திரை. ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிடும். மற்ற பல மருந்துகளைக் கல்லீரல் வழக்கத்தைவிட வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு இதில் மாட்டும். சாப்பிடுவது அதே மாத்திரை, அதே வேளை, ஆனால் உடம்பில் நிற்பது குறைவு. அப்பா வருடக்கணக்காகக் கிளிமிபிரைடு சாப்பிட்டவர். சுகர் வரிசையில் வழக்கம்போல ஒரு மாதத்துக்கு அதையே எண்ணிக் கொடுத்தார்கள், டிபி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் 380. "இனிப்பு சாப்பிட்டீங்களா?" என்று அவரைத்தான் திட்டினார்கள். பாவம், அவர் டீயில்கூடச் சர்க்கரை போட்டுக்கொள்ளவில்லை.

மெட்ஃபார்மினுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. சிறுநீரகம் சரியாக இருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதற்குக் கிரியேட்டினின் பரிசோதனை வேண்டும். சுகர் ரொம்ப அதிகமாக இருந்தால் தொடக்கத்தில் இன்சுலின் போடுவார்கள். "ஊசி ஆரம்பிச்சா விடவே முடியாது" என்று எங்கள் அத்தை பயமுறுத்தினார். அப்படியெல்லாம் இல்லை. கிருமி அடங்கியதும் சுகர் தானாகவே கொஞ்சம் இறங்கும், டாக்டர் அளவைக் குறைப்பார், பலருக்கு ஊசி நின்றும்விடும். அப்பாவுக்கு நான்காம் மாதம் நின்றது.

சுகர் மாத்திரை மட்டுமல்ல. பிரஷருக்குத் தரும் ஆம்லோடிப்பின், கொழுப்புக்குத் தரும் அட்டோர்வாஸ்டாட்டின், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, எல்லாவற்றின் பலனையும் ரிஃபாம்பிசின் குறைக்கும். மாத்திரை அட்டைகளை எடுத்துப் போகச் சொன்னது இதற்காகத்தான்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒரே வரி: "ரிஃபாம்பிசின் சாப்பிடுறப்ப இந்த மாத்திரைகள்ல எதை மாத்தணும்?" பதில் எதுவானாலும் நோட்டில் எழுதி வாங்குங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே சுகர் மாத்திரை வருகிறது என்றால் கொண்டுவருகிறவரிடமும் மாற்றத்தைச் சொல்லுங்கள். எங்களுக்குப் பழைய மாத்திரை இன்னொரு மாதமும் வந்துகொண்டிருந்தது.

6. காலை ஏழிலிருந்து பதினொன்று வரை

டிபி மாத்திரை வெறும் வயிற்றில் சாப்பிட்டால் நன்றாகச் சேரும். சுகர் மாத்திரையும் இன்சுலினும் சாப்பாட்டோடு ஒட்டிப் போக வேண்டும். அப்பா ஒரு நாள் ஏழு மணிக்கு டிபி மாத்திரை போட்டார். வயிறு புரட்டியது, இட்லியை அப்புறம் சாப்பிடுகிறேன் என்றார். அதற்கு முன்பே இன்சுலின் போட்டாகிவிட்டது. பத்தரைக்கு மருத்துவமனை வரிசையில் நிற்கும்போது கை நடுங்கியது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, என்னைப் பார்த்து எதையோ சொல்ல வந்து சொல்ல முடியாமல் நின்றார். பக்கத்திலிருந்த அம்மா ஒருவர் தன் பையிலிருந்த மாம்பழ ஜூஸ் பாக்கெட்டை உடைத்து வாயில் வைத்தார். அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் வைத்துக்கொண்ட முறை: எழுந்ததும் டிபி மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து இன்சுலின், உடனே சாப்பாடு. தட்டு முன்னால் வந்த பிறகுதான் ஊசி. வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி வந்தால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாமா, நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையை விட்டுவிடுவதைவிட அது எவ்வளவோ மேல். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வந்தால் சுகர் 70-க்குக் கீழே போயிருக்கலாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எங்கள் டாக்டர் முதல் கட்டத்தில் வெறும் வயிற்றுச் சுகர் 180-க்குள் இருந்தால் போதும் என்றார். 100-க்குக் கொண்டுவர அவசரப்பட்டால் மேலே சொன்னதுதான் நடக்கும்.

7. "நல்லா சாப்பிடுங்க", "வாயைக் கட்டுங்க"

ஒரே நாளில் இரண்டையும் கேட்பீர்கள். டிபி வரிசையில் பால், முட்டை, நெய், பேரீச்சம்பழம். சுகர் வரிசையில் எதுவும் கூடாது. முழுப் பட்டினியும் தப்பு, இளைத்துவிட்டார் என்று இனிப்பாகக் கொட்டுவதும் தப்பு. இளைத்த உடம்புக்கு முக்கியமாக வேண்டியது புரதம், அது சுகரை அவ்வளவாக ஏற்றாது. தினமும் இரண்டு முட்டை, சுண்டல் ஒரு கிண்ணம், மீன் கிடைக்கும் நாளில் மீன் (வறுக்காமல் குழம்பில்), கைப்பிடி வேர்க்கடலை, மோர். சோற்றை அடியோடு நிறுத்தவில்லை. மூன்று கரண்டி ஒன்றரை ஆனது, கூட்டும் பருப்பும் இரட்டிப்பானது. சிறுநீரகத்தில் கோளாறு இருப்பவர்கள் மட்டும் புரதத்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பொறிகள்: பார்க்க வருகிறவர்கள் தூக்கி வரும் மால்ட் பவுடர் பாட்டில், நைசாக அரைத்த சத்துமாவுக் கஞ்சி, கருப்பட்டி. கருப்பட்டி சுகரை ஏற்றாது என்று சொல்லாத ஆளில்லை. குளூக்கோமீட்டருக்கு அது தெரியாது, இரண்டு மணி நேரத்தில் எண்பது கூடுதலாகக் காட்டியது.

8. கால், கண், கல்லீரல்

சுகர் ஏற்கெனவே கால் நரம்பைத் தின்றிருக்கும், ஐசோநியாசிடும் அதே நரம்பில்தான் கை வைக்கும். தடுக்க பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6 மாத்திரை உண்டு. தரவில்லை என்றால் கேளுங்கள். மெட்ஃபார்மின் ரொம்ப வருடம் சாப்பிட்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் கால் எரிச்சல் வரலாம், அதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

எதாம்பியூட்டால் சிலருக்குக் கண் பார்வையைப் பாதிக்கும்: சிவப்பும் பச்சையும் மங்கும். சுகராலும் விழித்திரை கெடும். பின்னால் எது எதனால் என்று குழம்பாமலிருக்க, தொடங்கிய வாரத்திலேயே ஜி.எச். கண் பிரிவில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து எழுதி வாங்கிவிடுங்கள்.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிஃபாம்பிசினால், பயப்பட ஒன்றுமில்லை. கண் வெள்ளை மஞ்சளாவது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுவது, ஓயாத வாந்தி, இதற்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே டாக்டரைப் பாருங்கள்.

9. வீட்டில் மற்றவர்கள்

மருந்து தொடங்கிச் சில வாரத்தில் பெரும்பாலானவர்களிடமிருந்து தொற்றுவது வெகுவாகக் குறையும். சுகர் அதிகமாக இருப்பவர்களுக்குச் சளியில் கிருமி மறையக் கொஞ்சம் தாமதமாகலாம். எங்கள் வீட்டில் இரண்டு மாதச் சளிப் பரிசோதனை வரை முகக்கவசமும் திறந்த ஜன்னலும். தனித் தட்டு, தனி டம்ளர் தேவையில்லை. கூட இருக்கும் எல்லாரையும் பரிசோதித்து, டிபி இல்லை என்றால் தடுப்பு மாத்திரை தருவார்கள். அம்மாவுக்கும் சுகர் என்பதால் அவரை முதல் ஆளாகக் கூட்டிப்போனோம்.

10. எங்களுக்கு ஆன செலவு

டிபி மாத்திரை, சளி, எக்ஸ்ரே, இன்சுலின்: அரசு இடத்தில் காசில்லை. கைக்காசு போனது குளூக்கோமீட்டர் பட்டைக்கு (ஐம்பது கொண்ட பெட்டி ஏறக்குறைய ஆயிரம் ரூபாய், ஆறு மாதத்தில் மூன்று பெட்டி), தனியார் லேபில் இரண்டு முறை எடுத்த மூன்று மாதச் சராசரிச் சுகருக்கு, ஆட்டோவுக்கு. ரத்தசோகை இருந்தால் அந்தச் சராசரி அளவு சரியாக வராது, எங்களுக்கு முதல் முறை வரவில்லை. முதலில் ரத்த அளவைப் பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள். மாத்திரை தீர ஐந்து நாள் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிட வேண்டும்.

11. கடைசி மாத்திரைக்கு அப்புறம்

இரண்டாம் மாதக் கடைசியிலும் முடிவிலும் சளி பார்ப்பார்கள். இரண்டாம் மாதத்தில் கிருமி தெரிந்தால் கிருமி மருந்துக்குக் கட்டுப்படுகிறதா என்று மறுபடி சோதிப்பார்கள். ஆறு மாதத்தை நீட்டுவதா என்பது டாக்டர் முடிவு. உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் சுகர் உள்ளவருக்கு நோய் திரும்பும் வாய்ப்பு இன்னும் கூடும். முடிந்தபின் இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கொருமுறை வரச் சொல்வார்கள்.

எங்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று: ரிஃபாம்பிசின் நின்று ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். டிபி காலத்தில் கூட்டி வைத்த சுகர் மாத்திரை அப்போது முழு பலத்தோடு வேலை செய்யும். அப்பாவுக்குப் பதினோராம் நாள் அதிகாலை 62. கடைசி டிபி மாத்திரை போடும் வாரத்திலேயே நோட்டை எடுத்துக்கொண்டு சுகர் வரிசையில் போய் நில்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் பட்டையில் கஞ்சத்தனம் பார்க்காமல் காலையும் ராத்திரியும் குத்திப் பாருங்கள்.